யாழினி பல் தேய்த்துவிடுகிறாள்

போன மாதம் ஆவடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் ஒருவரின் மகளுக்கு. சாப்பாடு முடிந்து வெளியே வந்தால், மண்பானையில் குல்ஃபி! குச்சி செருகி, மேலே பிஸ்தா தூவி... விடுவேனா?

ஒரு கடி கடித்து, ஞாபகமில்லாமல் இடது பக்கமாக ஒதுக்கினேன். அவ்வளவுதான். கரன்ட் கம்பியை நாக்கால் தொட்ட மாதிரி ஒரு வெட்டு. கீழ்த்தாடையில் ஆரம்பித்து, காது வழியாக ஏறி, உச்சந்தலையில் போய் நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர்.

அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணின் அம்மா எதிரே வந்தார். என் கண்ணீரைப் பார்த்ததும் அவருக்கும் தாங்கவில்லை. "அழாதீங்கக்கா... இதோ இருக்கிற அண்ணா நகருக்குத்தானே போறா" என்று என்னைக் கட்டிக்கொண்டு விம்ம ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்ணை நான் பார்ப்பதே அன்றுதான் முதல் தடவை! வாயில் குல்ஃபி. பதில் சொல்லவும் முடியாது, துப்பவும் முடியாது. நானும் சேர்ந்து அழுதுவைத்தேன்.

உங்களிடம் மறைப்பானேன்? பல் கூச்சம் எனக்குப் புதிதல்ல. ஒன்றரை வருஷக் கதை. மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் கூசும். எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்தால் கூசும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாயைத் திறந்து பேசினால்கூடக் கூசும். (நான் பேசாமல் வந்தது அந்த நாட்களில் மட்டும்தான் என்கிறார் வீட்டுக்காரர்.) எல்லாவற்றையும் வலது பக்கமே மென்று மென்று, என் இடது தாடை ஒரு வருஷமாக மெடிக்கல் லீவில் இருந்தது.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. தேய்த்தேன். விளம்பரத்தில் வந்த பேஸ்ட்டை எல்லாம் வாங்கித் தேய்த்தேன். அழுக்கு இருப்பதால்தான் கூசுகிறது, அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்பது என் சித்தாந்தம். கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதே 'ஹார்டு' பிரஷ்தான். மூன்றே வாரத்தில் அதன் நார்கள் நாலா பக்கமும் விரிந்து முள்ளுச்செடி மாதிரி ஆகிவிடும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

"நீ பல்லைத் தேய்க்கிறியா, பாத்ரூம் டைல்ஸைத் தேய்க்கிறியா? ஹால் வரைக்கும் சத்தம் வருது" என்பார் வீட்டுக்காரர். குல்ஃபிச் சம்பவத்துக்குப் பிறகு அவர் கிண்டல் செய்வதை விட்டுவிட்டு, "நாளைக்கே போய்ப் பாரு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேலப்பன்சாவடிப் பக்கம் காலேஜ்களுக்கா பஞ்சம்? அதில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. கொரட்டூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வழியாக வானகரம் போய், அங்கே பஸ் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பார்த்தது ஒரு ஹவுஸ் சர்ஜன். படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் பெண். என் மகளைவிடச் சின்னவள். பல்லில் புஸ்ஸென்று காற்றை அடித்தாள். நாற்காலியிலிருந்து ஓர் அடி எழும்பினேன். அப்புறம் பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு, "ஸ்கிரீன்ல பாருங்க மேடம்" என்றாள்.

திரையில் என் பல். டி.வி. முழுக்க ஒரே பல்! ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் ஒரு வெட்டு. மரத்தில் அரிவாளால் கொத்தினால் ஆப்பு மாதிரி ஒரு பள்ளம் விழுமே, அதே மாதிரி.

"இது சொத்தையாம்மா?"

"இல்ல மேடம். இது நீங்க பண்ணது. நீங்க பல்லு தேய்க்கல... அறுத்துட்டு இருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. பல்லில் இல்லை.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். பல்லின் மேலே இருக்கும் எனாமல்தான் நம் உடம்பிலேயே கெட்டியான பொருள். எலும்பைவிடக் கெட்டி. ஆனால் அதற்கு உயிர் கிடையாது. கையில் வெட்டுப்பட்டால் தோல் வளரும். கால் முறிந்தால் எலும்பு கூடும். எனாமல் போனால் போனதுதான். ஈறுக்குக் கீழே அந்தக் கவசமும் இல்லை. அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஈறு கீழே இறங்கிவிட்டால், உள்ளே இருக்கும் பகுதி வெளியே வந்துவிடும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் நரம்புப் பக்கமாகப் போகிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் துளியூண்டு திரவம். ஜில்லென்று ஏதாவது பட்டால் அந்தத் திரவம் அசைகிறது. அந்த அசைவைத்தான் நாம் கூச்சம் என்கிறோம்.

நான் வாயை மூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஓர் அரிசி அளவு இடத்துக்குள் இவ்வளவு வேலைப்பாடா? அதையா நான் முள்ளுச்செடியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்?

இன்னொன்றும் சொன்னாள். நாம் எதைச் சாப்பிட்டாலும் வாயில் இருக்கும் கிருமிகள் அதில் பங்கு கேட்குமாம். இனிப்பு என்றால் கொண்டாட்டம். அது அமிலமாகி எனாமலைக் கொஞ்சம் கரைக்கும். உடனே எச்சில் வந்து, கரைந்த இடத்தில் தாது உப்பைத் திரும்பப் பூசும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தின்கிறோமோ, அத்தனை தடவையும் இந்தச் சண்டை. எச்சிலுக்கு நேரம் கொடுத்தால் அது ஜெயிக்கும். நாம் நிமிஷத்துக்கு ஒரு பிஸ்கட், ஒரு டீ என்று போட்டுக்கொண்டே இருந்தால், பாவம், அது என்ன செய்யும்? தோற்ற இடத்தில்தான் சொத்தை. எச்சில் என்றால் முகத்தைச் சுளிக்கிற எனக்கு, அன்றைக்கு அதைக் கும்பிடத் தோன்றியது.

எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னாள். எடுத்துவிட்டு, கூப்பிடும்வரை ஹாலில் காத்திருக்கப் போனேன்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

ஹால் பெஞ்சில் என் பக்கத்தில் ஓர் அம்மா, ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு ஒன்பது வயது இருக்கும். காதில் பெரிய ஹெட்போன். முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருந்தாள். கையில் ஒரு சிவப்பு டூத் பிரஷ்.

திடீரென்று எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். பிரஷ்ஷை என் உதட்டருகே நீட்டி, "ஆ" என்றாள்.

நான் பதறிப் பின்னால் சாய்ந்தேன்.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்கக்கா!" அந்த அம்மா ஓடி வந்து பிடித்துக்கொண்டார். "யாழினி, இங்க வா கண்ணு. அவங்க வாணாம். அம்மாக்கு வெளக்கி உடலாம் வா." பிறகு என்னிடம், "பயப்படாதீங்கக்கா. அவளுக்கு ஆட்டிசம். யார் வாயப் பாத்தாலும் பல்லு வெளக்கி உடணும் அவளுக்கு" என்று சிரித்தார். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

பெயர் மகேஸ்வரி. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்திருந்தார். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. யாழினியை விட்டு எங்கும் போக முடியாது என்பதால் இவர் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். ஆவடி வந்து, பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஹாரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையோடு.

"பல்லு தேய்க்கிறதுன்னா அவளுக்கு அவ்வளவு பிரியமா?" என்று கேட்டேன்.

"பிரியமா?" மகேஸ்வரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டு வருசத்துக்கு மின்னாடி பிரஷ்ஷ கண்ணுல காட்னா கடிச்சிடுவாக்கா. இதோ பாருங்க." ஆள்காட்டி விரலை நீட்டினார். நகத்துக்குக் கீழே அரைவட்டமாகத் தழும்பு.

யாழினிக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு நாள் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். சாப்பாடு நின்றது. சாயங்காலம் ஆனால் அலறல். பேச்சு வராத குழந்தை; எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? அக்கம்பக்கத்தில் திருஷ்டி என்றார்கள். சுற்றிப் போட்டார்கள். ஒரு டாக்டர் வயிற்று வலி என்று சிரப் கொடுத்தார். இன்னொருவர் இந்தக் குழந்தைகள் இப்படித்தான் என்று தூங்க மருந்து கொடுத்தார்.

"பதினோரு நாளுக்கா. பன்னெண்டாம் நாளு காத்தால எழுந்து பாக்குறேன், ஃப்ரிட்ஜ் கதவத் தொறந்து வெச்சுகினு, ஜில்லுனு கீற தண்ணி பாட்டில்ல கன்னத்த வெச்சுகினு நிக்கிறா. அப்பதான் எனக்கு மண்டைல ஒறச்சுது. பல்லு!"

இதே கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நாலு பேர் பிடித்தும் வாயைத் திறக்க முடியவில்லை. கடைசியில் முழு மயக்க மருந்து கொடுத்துத்தான் பார்த்தார்கள். ஏழு பால் பற்கள் வேர் வரை சொத்தை. யாழினி சாப்பிடுவதே கிரீம் பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட பாலும்தான். வேறு எதை வாயில் வைத்தாலும் துப்பிவிடுவாள். பல் தேய்க்கவும் விடமாட்டாள். ஏழையும் எடுத்தார்கள்.

"ஒரு சின்ன டப்பால போட்டுக் குட்தாங்கக்கா. பாத்துகினே இருந்தேன். எம் புள்ள அத்தினி நாளா உள்ளுக்குள்ள எரிஞ்சிகினு இருந்திருக்கா, பக்கத்துலயே படுத்துகினு கீற எனக்குத் தெரில."

மயக்கத்திலிருந்து யாழினி எழுந்திருக்க ரொம்ப நேரமாகிவிட்டது. மூச்சு வாங்குவதில் ஏதோ சிக்கல். அந்தச் சில மணி நேரத்தைப் பற்றி மகேஸ்வரி அதிகம் சொல்லவில்லை. எழுந்த பிறகு டாக்டர் சொன்னாராம்: "பின்னாடி நாலு கடைவாய்ப் பல்லு முளைச்சுட்டு இருக்கு. இது பால் பல்லு இல்ல. இது போனா வேற வராது. இன்னொரு வாட்டி இப்படி மயக்க மருந்து கொடுக்கிற நிலைமை வராம பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்வது என்றால்? காலையிலும் ராத்திரியும் பல் தேய்க்க வேண்டும். நமக்கு அது ஒரு வேலையா? பாதித் தூக்கத்தில் செய்துவிடுவோம். மகேஸ்வரிக்கோ, மூடிய கதவு. அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், விளையாட்டுக் காட்டினார். விரலில் தழும்புதான் மிச்சம்.

ஒரு நாள் காலை, வாஷ் பேஸினில் மகேஸ்வரி தன் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, யாழினி வந்து அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கினாள். அம்மாவின் வாய்க்குள் விட்டு இழுத்தாள்.

"எனக்கு ஒன்னும் புரில. வாயத் தொறந்துகினு நின்னேன். அப்பால யோசிச்சேன். அவளுக்கு அது இன்னானு தெரியணும் போல. எங்க போவுது, இன்னா பண்ணுது, யார் கைல கீதுன்னு. அவ கைல இருந்தா பயம் இல்ல. சரி, பண்ணிக்கோன்னு உட்டுட்டேன்."

அன்றிலிருந்து காலை, ராத்திரி இரண்டு வேளையும் அம்மாவுக்கு மகள் பல் தேய்த்துவிட ஆரம்பித்தாள். ஒரு நாள்கூட விடவில்லை. யாழினிக்குக் கையில் பலம் அதிகம், அளவு தெரியாது. எப்போதும் இடது பக்கக் கீழ்வரிசையில்தான் ஆரம்பிப்பாள். அவள் நினைத்த அளவுக்குத் தேய்த்து முடிக்கும்வரை வாயை மூடக் கூடாது. மூடினால் அலறுவாள். ஈறு கிழியும். ரத்தம் வரும்.

"வலிக்கலையா?"

"வலிக்காம இன்னாக்கா? ஆனா நான் மூஞ்சச் சுளிச்சா போச்சு. இது வலிக்கிற விசயம்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். அப்பறம் அவ வாய்க்குள்ள எப்படி உடுவா? அதனால சிரிச்சுகினே இருப்பேன்."

நம்மில் யாரைக் கேட்டாலும் பிள்ளைகளுக்காக உயிரையே கொடுப்பேன் என்போம். உயிரை யார் கேட்கிறார்கள்? காலையில் ஐந்து நிமிஷம், ராத்திரி ஐந்து நிமிஷம், வாயில் ரத்தத்தோடு சிரிக்க முடியுமா என்று கேட்டால்தான் தெரியும்.

மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி, அம்மாவுக்குத் தேய்த்து முடித்த யாழினி, அதே பிரஷ்ஷைத் தன் வாயில் வைத்தாள். ஒரு நொடி. எடுத்துவிட்டாள். மகேஸ்வரி அசையாமல் நின்றிருக்கிறார். கைதட்டவில்லை, கூப்பாடு போடவில்லை. மறுநாள் அதே மாதிரி இன்னொரு சிவப்பு பிரஷ் வாங்கி வைத்தார். அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. முதலில் அம்மாவுக்கு, அடுத்து யாழினிக்கு. ஒன்று, இரண்டு என்று ஐந்து எண்ணும்வரை. பிறகு பத்து. காரமான பேஸ்ட் வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த குழந்தைகள் பேஸ்ட், பட்டாணி அளவு. பின்பக்கக் கடைவாய்ப் பல் வரை பிரஷ் போக எட்டு மாதம் ஆனது.

"நடுவுல ரெண்டு வாட்டி இங்க இட்டாந்தேன். டாக்டரப் பாத்ததும் வாய இறுக்கி மூடிக்கினா. ரெண்டு வருசமா அந்த நாலு பல்ல யாரும் பாக்கலக்கா. நான் எட்டிப் பாத்தாகூட வாய மூடிக்குவா. பிரஷ்ஷ மட்டும்தான் உள்ள உடுவா." மகேஸ்வரியின் குரல் இறங்கியது. "இப்போ நாலு நாளா திரும்பக் கன்னத்துல கைய வெச்சுக்கிறா. நேத்து பிஸ்கட்டகூடக் கடிக்கல."

அதனால்தான் வந்திருக்கிறார். அதற்காக மட்டுமா என்று கேட்டேன். அவர் கையில் இரண்டு ஓ.பி. சீட்டு இருந்தது.

"எனக்கும் ஒன்னு போட்டாங்க. தண்ணி குடிக்க முடில, காத்து பட்டாகூடக் கூசுது. அங்க ஒரு டாக்டரம்மா பாத்துட்டு, ரொம்ப அழுத்தித் தேய்க்கிறீங்களாம்மான்னு கேட்டாங்க. நான் இன்னானு சொல்றது? நானா தேய்க்கிறேன்?"

அதே கேள்வி. அதே பள்ளம். என்னுடையது என் சித்தாந்தத்தால் வந்தது. அவருடையது...

"யாழினி" என்று கூப்பிட்டார்கள். மகேஸ்வரி எழுந்தார். யாழினி போகிற போக்கில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் வாங்கக்கா. உங்க வாயப் புடிச்சிருக்கு போல" என்றார் மகேஸ்வரி. அப்படித்தான் நானும் உள்ளே போனேன்.

குழந்தைகள் பிரிவு. வாசலிலேயே யாழினி நின்றுவிட்டாள். உள்ளே எங்கோ மெஷின் கிர்ரென்றது. மருந்து வாசனை. ஹெட்போனின் மேல் கைகளை அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொண்டையிலிருந்து ஒரு முனகல் ஏறிக்கொண்டே வந்தது.

டாக்டர் நஸ்ரீன் வெளியே வந்தார். பூந்தமல்லிக்காரர். முப்பது வயதுக்குள்தான். குழந்தைகளின் பல்லுக்காகவே மேல்படிப்பு படிப்பவர். "மெஷின் எல்லாத்தையும் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்றார். பெரிய லைட்டையும் அணைக்கச் சொன்னார். பிறகு, அந்த வெள்ளைக் கோட்டோடு வாசலில் யாழினிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதுவும் பேசவில்லை.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. யாழினி தலையைத் தூக்கினாள். டாக்டரின் முகக்கவசத்தைப் பார்த்தாள். சிவப்பு பிரஷ்ஷை நீட்டினாள்.

"ஆ."

மகேஸ்வரி பதறினார். "டாக்டர், அவ கை முரட்டுக் கை. அளவு தெரியாது..."

"பரவால்லம்மா." நஸ்ரீன் முகக்கவசத்தைக் கழற்றினார். உறை பிரிக்காத புது பிரஷ் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, யாழினியின் கையில் கொடுத்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

இடது பக்கக் கீழ்வரிசையில்தான் ஆரம்பித்தாள். சரக் சரக்கென்று சத்தம். எனக்குப் பல் கூசியது, பார்த்ததற்கே. நஸ்ரீனின் கண்ணில் தண்ணீர் கட்டியது. ஆனால் முகத்தைச் சுளிக்கவில்லை. சுற்றிலும் ஏழெட்டு மாணவர்கள்.

யாழினி முடித்தாள். நஸ்ரீன் சின்னக் கண்ணாடியையும் ஒரு சின்ன டார்ச்சையும் காட்டி, "இப்போ யாழினி" என்றார். "அம்மா மடியில உக்காந்துக்கலாமா?"

மகேஸ்வரி தரையில் உட்கார்ந்து மகளை மடியில் சாய்த்துக்கொண்டார். "ஒன்னு... ரெண்டு..." என்று காதருகே எண்ண ஆரம்பித்தார்.

யாழினி வாயைத் திறந்தாள்.

இரண்டு வருஷமாக யாருக்கும் திறக்காத வாய்! நஸ்ரீன் குனிந்தார். கீழே ஒரு பக்கம். மறுபக்கம். கண்ணாடியைத் திருப்பி மேலே. "பதினாலு... பதினஞ்சு..." மகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாலும் இருக்கும்மா" என்றார் நஸ்ரீன். "நாலும் சுத்தமா இருக்கு. ஒரு புள்ளிகூட இல்ல."

மகேஸ்வரி அழவில்லை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "கருப்பா ஏதும் இல்லியா டாக்டர்? மேல நல்லாப் பாருங்க. நாலு நாளா கன்னத்துல கைய வெச்சுக்கிறாளே!"

"அது இதாம்மா." நஸ்ரீன் கையுறை போட்ட விரலால் ஒரு பல்லை லேசாகத் தொட்டார். "பால் பல்லு ஆடுது. ஒம்பது வயசுல ஆட வேண்டிய பல்லு, ஒழுங்கா ஆடுது. தானா விழுந்துடும். அடியில புதுசு வருது."

அப்போதுதான் மகேஸ்வரி அழுதார். சத்தமில்லாமல், குழந்தையின் ஹெட்போன் மேல் முகத்தை வைத்துக்கொண்டு. மாணவர்களில் இரண்டு பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஏதோ ஒரு பெரிய மலையைப் பார்த்த மாதிரி நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு குழந்தையின் வாயில் நான்கு வெள்ளைப் பற்கள். அவ்வளவுதான். ஆனால் அவ்வளவு உயரமான எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

நஸ்ரீன் அந்தப் பற்களில் பூச்சு மருந்து ஒன்றைச் சின்னத் தூரிகையால் தடவினார். சொத்தை வராமல் காக்குமாம். அதையும் யாழினி அனுமதித்தாள். தூரிகை பிரஷ் மாதிரிதானே இருந்தது!

"இப்போ நீங்க காட்டுங்கம்மா" என்றார் நஸ்ரீன்.

"எனக்கு இன்னா டாக்டர்... அப்பால பாத்துக்கலாம்."

"காட்டுங்க."

மகேஸ்வரி வாயைத் திறந்தார். கையால் மறைக்காமல் அப்போதுதான் நானும் பார்த்தேன். ஈறுகள் இறங்கி, பல்லின் வேர்கள் மஞ்சளாக வெளியே தெரிந்தன. இடது பக்கம் வரிசையாகப் பள்ளம். என்னுடையது ஒன்றுதான். அவருக்கு எண்ண முடியவில்லை.

நஸ்ரீன் அதைப் பார்த்தார். யாழினியின் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகேஸ்வரி முந்திக்கொண்டு சொன்னார், "நிறுத்தச் சொல்லிடாதீங்க டாக்டர். மொதல்ல எனக்கு வெளக்குனாதான் அவ வெளக்க உடுவா."

"நிறுத்தச் சொல்லலம்மா." நஸ்ரீன் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். "பிரஷ்ஷ மட்டும் மாத்துவோம். இருக்கிறதிலேயே சாஃப்ட்டானது, அதே சிவப்புக் கலர்ல. அவ பிடிக்கும்போது பிரஷ்ஷோட கடைசி நுனியில பிடிக்கப் பழக்குங்க. அழுத்தம் பாதியாக் குறையும். நான் தர்ற பேஸ்ட்டைத் தடவிட்டு உடனே வாய் கொப்பளிக்காம துப்பிட்டு மட்டும் விடுங்க, மருந்து பல்லுலயே இருக்கும். புளிப்பு ஏதாவது சாப்பிட்டா அரை மணி நேரம் கழிச்சுதான் தேய்க்கணும். ஆழமான பள்ளத்தை எல்லாம் நாங்க அடைச்சுத் தர்றோம். ரெண்டு மூணு தடவை வர வேண்டியிருக்கும். வருவீங்களா?"

"அவளையும் இட்டாரலாமா?"

"அவதான் முக்கியம். எங்க பசங்களுக்கு அவகிட்ட வாயத் திறந்து காட்டுற பயிற்சி தேவைப்படுது" என்றார் நஸ்ரீன். மாணவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நாலைந்து பேர் நாக்கால் தங்கள் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதையும் கவனித்தேன்.

என் பள்ளத்தை அடைக்கவும் நாள் குறித்துக்கொண்டு, மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகவே பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். யாழினி ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்கலாமா, கூடாதா என்று யோசித்துக் கடைசியில் கேட்டுவிட்டேன்.

"இது எத்தனை நாளைக்கு மகேஸ்?"

"அவளே தனியா வெளக்கிக்கிற வரைக்கும்."

"ஒருவேளை... வெளக்கிக்கலேன்னா?"

பூந்தமல்லி பஸ் வந்துகொண்டிருந்தது. மகேஸ்வரி மகளின் ஹெட்போனைச் சரியாக மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத்தான் முப்பத்திரண்டு கீதேக்கா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். காற்று பட்டிருக்க வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.